வளவில்லாத தூண்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம் ஆகியவற்றுக்கு நடுவே பர்மாத் தேக்குத் தூண்கள் சுவரில் சாய்ந்து நிற்கும். சென்னையிலும் பெங்களூரிலும் புதுவீடு கட்டுவோர் ‘செட்டிநாட்டுப் பாணி’ வேண்டுமென்றால் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். அப்படி வாங்கிப்போன ஒரு தூணைச் சென்னையில் ஓர் அடுக்ககத்தில் பார்த்தேன். பத்தடிக் கூரைக்கு அது அடங்கவில்லை, காலை அறுத்திருந்தார்கள். மேலே உத்தரம் தாங்கும் போதிகை இருந்தது. தாங்குவதற்கு எதுவும் இல்லை.

அந்தத் தூண் எங்கே நின்றது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் முகப்பைத் தாண்டி நிலைவாசலுக்குள் நுழைந்தால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்து ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவின் விளிம்பைத் தாங்கத்தான் தூண். மழைச்சாரல் படும் இடம் என்பதால் மரத்தை நேரே தரையில் ஊன்றாமல் கல்லின்மேல் நிறுத்தினார்கள். ஈரமும் கறையானும் ஏறாது. கூரை வழியே இறங்கும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துக்கொண்டார்கள். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போக, தாழ்வாரத்து நிழலிலிருந்து காற்று நகர்ந்து வரும். சிவகங்கைச் சீமை வெயிலில் அந்த வீட்டுக்குள் உச்சிவேளையில் படுத்துறங்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம், இத்தாலியப் பளிங்கு அல்ல.

வளவைச் சுற்றியிருந்த அறைகளின் கதை இன்னும் முக்கியம். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. திருமணத்துக்குப்பின் இளந்தம்பதியரை ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம்: ஒரே கூரையின்கீழ், ஆனால் அடுப்பும் கணக்கும் தனி. அந்த அறைகள் பெரும்பாலும் சிறியவை, இருண்டவை. சீர் சாமானும் பெட்டகமும் வைப்பதற்கானவை. வாழ்க்கை நடந்ததெல்லாம் தாழ்வாரத்தில்தான்: பாய் விரித்து, காய் அரிந்து, பேசி, தூங்கி. நாற்காலி மேசைகள் முகப்போடு நின்றுவிடும்; அவை வெளியாருக்கு. நம் இன்றைய வீடு இதற்கு நேர் எதிர். படுக்கையறைகள் பெருத்துவிட்டன, பொதுவில் உட்காரும் இடம் தொலைக்காட்சிக்கும் சோபாவுக்கும் நடுவே ஒடுங்கிவிட்டது. இதில் தேக்குத்தூணை எங்கே நிறுத்தினாலும் அது விருந்தாளிதான்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை இல்லை, மெருகுப்பொறி இல்லை. அதன் பளபளப்பு கண்ணாடி தந்தது. அதைக் காப்பது நடக்கிற பாதங்களும் துடைக்கிற கையும். ஆள் புழங்காமல் பூட்டிக்கிடக்கும் வீட்டில் அது மங்கிப்போகும். (ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் கல் அதைத் தாங்காது.)

இந்த வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நடந்த வட்டிக்கடைகளிலிருந்து வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அந்தத் தொழிலின் முதுகு முறிந்தது. வீடு பங்காளிகளிடையே பங்கு பங்காகப் பிரிந்தது. ஓடு மாற்றக்கூட ஒருமித்த கருத்து வராத நிலையில் சிலர் பிரித்து விற்றார்கள். ஆக, நாம் ரசித்து வாங்கும் ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் இடிந்த வளவு ஒன்று உண்டு. வாங்குவது பாவம் என்று சொல்லவில்லை. விறகாவதைவிட வரவேற்பறை மேல்.

வாங்கியவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. கொழும்பு முப்பத்துமூன்றாம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை 1958 முதல் ஒவ்வொன்றாகக் கைக்கொண்டு, ஒரே வீடாக இணைத்துத் தாம் குடியிருந்தார். அதில் செட்டிநாட்டுத் தூண்கள் உண்டு. ஆனால் அவர் தூணுக்கு முன் திறப்பை அமைத்தார்: கூரையை அங்கங்கே விலக்கி, வெளிச்சம் விழும் சிறு முற்றங்கள், ஓரிடத்தில் சிறு நீர்த்தொட்டி. இடம் சிறியது, கணக்கு வளவின் கணக்கு.

அதற்கு அருகிலேயே, 1960களின் தொடக்கத்தில், பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீடும் இதே வழி. சிங்களப் பெருவீடான வளவ்வவின் நடுமுற்றத்தை நகரத்துச் சிறு மனைக்குள் கொண்டுவந்தார். (வளவு, வளவ்வ: அந்தச் சொற்களின் உறவை மொழியறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.) தெருவுக்குச் சுவரைக் காட்டி, அறைகளையெல்லாம் உட்புறம் திருப்பிய வீடு. அரை நூற்றாண்டு கழித்து அந்த மனை கைமாறியபோது, அந்த வீட்டையும் பிரித்தார்கள். ஆனால் கடைத்தெருவுக்கு அனுப்பவில்லை. கல்லுக்கும் மரத்துக்கும் எண் இட்டு, பாவாவின் லுனுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். தூண்களோடு முற்றத்தின் நீள அகலத்தையும் அளந்து எடுத்துப்போனார்கள்.