கீழாநெல்லியும் கல்லீரல் புற்றுநோய்ச் செல் ஆய்வுகளும்

கீழாநெல்லி, மழைக்குப் பின் வரப்பிலும் கொல்லையிலும் தானாக முளைக்கும் சிறு செடி. தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். இலைக்காம்புக்கு அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழகத்தின் பழைய கைவைத்தியம்.

கீழாநெல்லி, கரிசலாங்கண்ணிச் சாறுகள் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக 1982-இல் சென்னை நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனின் குழு அறிவித்தது. நாள்பட உடலில் தங்கினால் கல்லீரல் புற்றுநோயில் கொண்டுவிடக்கூடிய வைரஸ் இது. இதன் ஆன்டிஜெனைக் கண்டறிந்த, நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் ஆய்வில் சேர்ந்துகொண்டார். 1988-இல் லான்செட் இதழில் வந்த முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது: முப்பது நாள், வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை செடிப்பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்திருந்தது, மருந்தில்லாப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது.

காரணத்தைத் தேடியவர்கள் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து வளர்த்தெடுத்த செல்களை நாடினர். ஆய்வகத் தட்டில் ஓயாமல் பெருகும் இவற்றுக்குள் வைரஸ் மரபணுக்களைச் செலுத்திக் கவனிக்க முடியும். 1996, 1997-இல் தியாகராஜனும் அமெரிக்க ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரைகள் விடையை நெருங்கின. செடிச் சாறு பட்ட செல்களில் வைரஸின் தூது ஆர்.என்.ஏ குறைந்தது. வைரஸ் மரபணுக்களை முடுக்கிவிடும் 'என்ஹான்சர் 1' என்ற டி.என்.ஏ பகுதியில் செல்லின் சொந்தப் புரதங்களான சி/ஈபிபி, எச்.என்.எஃப்-3 வந்து ஒட்டுவதைச் சாறு தடுத்தது. ஏபி-1, எஸ்பி-1 என்ற வேறு இரு புரதங்கள் தத்தம் டி.என்.ஏ-யில் ஒட்டுவதை அது தொடவில்லை. கண்மூடித்தனமான நச்சு இப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது. இந்த ஆய்வுகளின் சிறப்பே இதுதான்.

மனிதர்களிடம் கிடைத்த பலனோ நிலைக்கவில்லை. 1990-இல் தாய்லாந்து ஆய்வில் ஆன்டிஜென் மறையவில்லை. முந்தைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் நம்பத்தக்க சான்று இல்லை என்றே கூறியது. ஆகவே வைரஸ் தொற்றுள்ளவர் மருத்துவர் தரும் மருந்தை விட்டுவிட்டு இதை நம்புவது ஆபத்து.

ஆனாலும் ஆய்வைக் கைவிடக் கூடாது. இன்றைய டெனோஃபோவிர், என்டெகாவிர் மருந்துகள் வைரஸ் தன் டி.என்.ஏ-யைப் பெருக்குவதைத் தடுக்கின்றன. செல்லின் உட்கருவில் பதுங்கியிருக்கும் வளைய டி.என்.ஏ-யிலிருந்து ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுவதை அவை நேரடியாகத் தடுப்பதில்லை. புற்றுநோய்ச் செல்களில் கீழாநெல்லிச் சாறு கைவைத்தது அந்தப் படியெடுப்பில்தான்.