பிள்ளைத்தமிழும் பிள்ளையின் தமிழும்

கனகராயன்குளத்தில் தமிழ் படிப்பிக்கும் எனக்கும் முன்பள்ளிக்கும் உத்தியோகத் தொடர்பு எதுவுமில்லை. ஆனாலும் தை பிறந்தால் யாராவது ஒரு தாய் வந்து கேட்பார்: "சேர், மகன் இன்னும் வடிவாக் கதைக்கிறானில்லை. தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவராம். தன்பாட்டில வந்திடும்தானே?" பிள்ளைக்கு வயது மூன்றரை. வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் இலக்கிய வரலாற்றிலும் இதற்கு ஒரு பதில் கிடக்கிறது.

பிள்ளைத்தமிழ் என்றதும் புகழ்ச்சியும் அலங்காரமும்தான் நினைவுக்கு வரும். பரீட்சைக்குப் படித்தவர்கள் பத்துப் பருவங்களின் பெயரை ஒப்புவித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தப் பருவங்களின் மாதக் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். பாட்டியல் நூல்கள் தமக்குள் சிறிது வேறுபட்டாலும், பெரும்பாலும் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், பதினோராம் மாதம் முத்தம், அதன் பின் வருகை, அம்புலி என்று போகும். செங்கீரை என்பதற்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று, மழலை ஒலி எழுப்புதல். 'தால்' என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவது தாலாட்டு. அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைச் சுட்டிக்காட்டி "வா" என்கிறாள். ஒருவர் காட்டும் பொருளைப் பிள்ளையும் திரும்பிப் பார்ப்பதைச் சொல் கற்றலின் வாசற்படியாக இன்றைய குழந்தை மொழியியல் கருதுகிறது. மா, பா என்ற அசைகள் அரை வயதுக்குப் பின்னும், முதற்சொல் ஒரு வயதை ஒட்டியும் வருகின்றன. பிள்ளைத்தமிழ் மருத்துவ அட்டவணையாகாது. புலவன் பாடியது கடவுளையும் அரசனையும். ஆனால் மடியிலிருந்த பிள்ளையை உற்றுப் பார்க்காத சமூகத்தில் இந்த வரிசை பிறந்திருக்க முடியாது.

அந்தப் பாத்திரத்தை நம்மவர்களும் கையில் எடுத்தார்கள். செய்யிது அனபிய்யா புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடியது 1833இல். இலங்கையில் ம.மு. உவைஸ் அவர்கள் தேடித் தொகுத்துக் காட்டிய இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பரப்பில் பிள்ளைத்தமிழ் தனி வகையாகவே நிற்கிறது. நபிகளார் குழந்தையாக இருந்தபோது பனூ ஸஅத் கோத்திரத்து ஹலீமாவிடம் ஒப்படைக்கப்பட்டதை ஸீராவில் படித்திருப்போம். குறைஷிகளின் அந்த வழக்கத்துக்குப் பாலைவனத்தின் நல்ல காற்று ஒரு காரணம். பிள்ளையின் காதில் திருத்தமான அரபு விழ வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

காது வழியாகத்தான் மொழி வருகிறது என்பதை விரிவாக எழுதியவர் இப்னு கல்தூன். 1377இல் அவர் முடித்த முகத்திமாவில், மொழி என்பது பழகிப் பழகி ஊறும் ஓர் ஆற்றல். பிள்ளை முதலில் தனிச் சொற்களைக் கேட்கிறது, பிறகு சொற்றொடர்களை, கேட்டதையே திரும்பத் திரும்பப் பாவித்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்று விளக்குகிறார். அதே நூலில் ஒரு கல்வி விவாதமும் வருகிறது. மக்ரிபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதலை மட்டுமே கற்பிக்கிறார்கள், அதனால் மொழியாட்சி குன்றுகிறது என்கிறார். முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணக்கு, அதன் பிறகு குர்ஆன் என்று காழி அபூபக்ர் இப்னுல் அரபி (இறப்பு 1148) சொன்ன யோசனையை நல்லதென்று பாராட்டுகிறார். வழக்கம் அதற்கு இடம்தராது என்றும் சேர்த்துச் சொல்கிறார்: வளர்ந்தபின் பிள்ளை கைவிட்டுப் போகுமுன் ஓதலைக் கொடுத்துவிட வேண்டும் என்ற பெற்றோரின் அச்சம் அவருக்குப் புரிந்திருந்தது. அறுநூறு வருடத்துக்கு முந்தைய இந்த விவாதம் நம் முன்பள்ளி வாசலில் இன்னும் நடக்கிறது. பேச்சே வராத பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து ஏ, பி, சி எழுதச் சொல்கிறோம்.

கேட்க ஆள் வேண்டும் என்பதுதான் வன்னியின் கதை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனார்கள். 2009இல் வன்னிச் சனம் பெரும்பாலும் மெனிக் பாம் முகாம்களுக்குப் போனது. கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். திரும்பி வந்த வீடுகள் பலவற்றில் மூத்தம்மா இல்லை, அம்மம்மா இல்லை. ஓராட்டுப் பாட, நிலாக் காட்டிச் சோறூட்ட, "இது என்ன? மாடு. மாடு என்ன சொல்லும்?" என்று நூறு தரம் கேட்க நேரமுள்ளவர் அவர்கள்தான். தாய் கூலி வேலைக்குப் போகிறாள், அல்லது வெளிநாட்டில். அந்த இடத்துக்கு இப்போது போன் வந்திருக்கிறது. போன் ஓயாமல் பேசும். பிள்ளை சொன்ன அரைச்சொல்லுக்குப் பதில் சொல்லாது.

எனவே கேட்கும் தாய்மாருக்கு நான் சொல்வது: குளிக்க வார்க்கும்போது, கறிக்கு நறுக்கும்போது செய்வதையெல்லாம் வாயால் சொல்லுங்கோ. பிள்ளை "தண்ணி" என்றால் "தண்ணி வேணுமா? குளிர் தண்ணியா?" என்று நீட்டிக் கொடுங்கோ. வீட்டுத் தமிழிலேயே கதையுங்கோ. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை, எந்த மொழியிலும் யாரும் கதைக்காவிட்டால் பிந்தலாம். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லையென்றால், இரண்டு வயதில் "உம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லையென்றால், "தன்பாட்டில வரும்" என்று இருக்க வேண்டாம். கிளினிக்கில் சொல்லி முதலில் காதைச் சோதியுங்கோ. மூன்றரை வயதென்றால் இந்தக் கிழமையே போங்கோ.

போனால் யார் இருக்கிறார்? இலங்கையில் பேச்சு மொழிச் சிகிச்சைக்கான பயிற்சி ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கி, 2008இல் பட்டப்படிப்பானது. தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் இன்றும் போதாது. "தண்ணி தா" என்ற பிள்ளை ஒரு மாதத்துக்குப் பின் "தண்ணி தாங்கோ" என்கிறது. அது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது மொழிபெயர்ப்பாளர் ஊடாகப் போகும்போது இரண்டு தரமும் ஒரே வசனமாகிவிடும்.