வெள்ளப் பாய்வு மதிப்பீடு

வெள்ளப் பாய்வு மதிப்பீடு என்பது, பெருமழைக் காலத்தில் ஓர் ஆற்றின் அல்லது ஓடையின் குறித்த இடத்தை ஒரு வினாடியில் எவ்வளவு நீர் கடந்து செல்லும் என்பதைக் கணக்கிடும் நீரியல் முறைகளைக் குறிக்கும். பாலத்தின் கண்களின் அகலம், ஏரிக் கலிங்கின் நீளம், அணையின் மிகைநீர்ப் போக்கி, ஆற்றங்கரையின் உயரம் ஆகியவை இந்த எண்ணைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. எண் குறைந்தால் கரை உடையும். மிகுந்தால் கட்டுமானச் செலவு வீணாகும். பாய்வு வினாடிக்கு கன மீட்டர் அல்லது வினாடிக்கு கன அடி என்னும் அலகுகளில் தரப்படும். 1 கன மீட்டர் ஏறத்தாழ 35.3 கன அடிக்குச் சமமாகும்.

இக்கட்டுரை இம்முறைகளைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

இடப் பின்னணி

வில்லியனூர் சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. செஞ்சி ஆறு, வராக நதி என்றும் அழைக்கப்படும் இவ்வாறு விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பகுதியின் குன்றுகளில் தோன்றி, 1959இல் கட்டி முடிக்கப்பட்ட வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குள் வருகிறது. பாகூர் கொம்யூனின் தெற்கில் தென்பெண்ணை ஆறு ஓடுகிறது. இது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றின் வழியாகக் கடலூர் அருகே கடலை அடைகிறது. இதன் வடிநிலம் ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது.

பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணை நீர் வருகிறது. ஊசுட்டேரிக்குச் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகச் சங்கராபரணி நீர் வருகிறது. ஆகவே இங்குள்ள ஏரிகளுக்கும் ஊர்களுக்கும் வரும் வெள்ளம் இருவகைப்படும்: அவ்விடத்தில் பெய்த மழையின் வெள்ளம், தொலைவில் பெய்து ஆற்றில் வரும் வெள்ளம். எந்த முறையைத் தேர்ந்தாலும், கணக்கிடப்படுவது எந்த வெள்ளம் என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். பாடநூல்கள் இதனைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கடலோரச் சமவெளியில் பிழைகள் தோன்றுவது பெரும்பாலும் இங்கேதான்.

அனுபவச் சூத்திரங்கள்

அளவீடுகள் அரிதாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், நீர்ப்பிடிப்புப் பரப்பை மட்டும் கொண்டு உச்சப் பாய்வைக் கூறும் சூத்திரங்கள் உருவாயின. இந்தியாவில் டிக்கன்ஸ் சூத்திரம் (1865), ரைவ்ஸ் சூத்திரம் (1884) ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்பட்டன. சென்னை மாகாணத்துக்கென அமைந்தது ரைவ்ஸ் சூத்திரமாகும்:

உச்சப் பாய்வு = கெ × (பரப்பு)^(2/3)

இங்குப் பரப்பு சதுர கிலோமீட்டரிலும் பாய்வு வினாடிக்கு கன மீட்டரிலும் அமையும். கெழு "கெ" கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ. வரை 6.8 எனவும், 80 முதல் 160 கி.மீ. வரை 8.5 எனவும், மலையை ஒட்டிய சிறு பகுதிகளுக்கு 10.2 எனவும் கொள்ளப்படும். பழைய பொதுப்பணித்துறை ஏடுகளில் இதே கெழு 450 என்பதுபோல் காணப்படலாம். அது சதுர மைல், கன அடி அலகுகளுக்குரியது. அலகைக் கவனியாது ஒன்றை மற்றொன்றின் இடத்தில் இட்டுக் கணக்கிட்டால் விடை அறுபது மடங்குக்கு மேல் பிழையாகும். நிரல் எழுதிக் கணக்கிடுவோர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்க.

பரப்பின் படி 1ஆக இல்லாமல் 2/3ஆக இருப்பதன் காரணம் எளியது. வடிநிலம் பெரிதாகும்போது முழுப்பரப்பிலும் ஒரே நேரத்தில் கடும் மழை பெய்வது அரிது. பல கிளைகளின் உச்சங்களும் ஒரே வேளையில் வந்து சேர்வதில்லை.

விகிதமுறை

சிறிய நீர்ப்பிடிப்புகளுக்கு, அதாவது ஒரு குட்டை, சாலைச் சிறுபாலம், நகர வடிகால் போன்றவற்றுக்கு, விகிதமுறை பயன்படுகிறது. இதன் அடிப்படையை அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851இல் முன்வைத்தார். வழிந்தோடும் விகிதம், மழைச்செறிவு (மணிக்கு மி.மீ.), பரப்பு (சதுர கி.மீ.) ஆகிய மூன்றையும் பெருக்கி 3.6ஆல் வகுத்தால் பாய்வு கிடைக்கும். மழைச்செறிவை எத்தனை நிமிடத்துக்கு எடுப்பது என்பதே இதில் நுட்பமானது. நீர்ப்பிடிப்பின் கடைக்கோடியிலிருந்து நீர் வந்துசேர எடுக்கும் நேரமே அந்தக் கால அளவாகும்.

ஓர் எடுத்துக்காட்டாக, பாகூர்ப் பக்கம் 2 சதுர கி.மீ. வயல்வெளி உள்ளதாகக் கொள்வோம். செறிவு மணிக்கு 60 மி.மீ., வழிந்தோடும் விகிதம் 0.4 எனில் பாய்வு 13.3 கன மீட்டராகும். ரைவ்ஸ் சூத்திரம் இதே பரப்புக்கு 10.8 தருகிறது. இரண்டும் அருகருகே இருப்பது ஆறுதல் அளித்தாலும், அந்த 0.4 என்பது வயல் மனையாக மாறும்போது 0.7க்கும் மேல் ஏறக்கூடும். ரைவ்ஸ் சூத்திரத்தில் அம்மாற்றத்தைக் காட்டும் உறுப்பு எதுவும் இல்லை.

அலகு நீர்வரைபு

உச்சம் மட்டுமன்றி, வெள்ளம் ஏறி இறங்கும் கால ஓட்டமும் தேவைப்படும் இடங்களில் அலகு நீர்வரைபு முறை கையாளப்படுகிறது. 1932இல் ஷெர்மன் அறிமுகப்படுத்திய இம்முறையில், வடிநிலம் முழுவதும் சீராகப் பெய்து வழிந்தோடும் 1 செ.மீ. மழை உண்டாக்கும் பாய்வு வரைபு முதலில் பெறப்படும். பெருமழைக்கு அதனைப் பெருக்கியும் நேரத்தால் நகர்த்திக் கூட்டியும் கொள்வர். அளவீடு இல்லாத ஆறுகளுக்காக மத்திய நீர் ஆணையம் இந்தியாவை 26 துணை மண்டலங்களாகப் பிரித்து, வடிநிலத்தின் நீளம், சரிவு முதலியவற்றிலிருந்து செயற்கை வரைபு அமைக்கும் அறிக்கைகளை வெளியிட்டுள்ளது.

நேரடி அளவீடும் வெள்ளத்தடமும்

மேற்கண்ட அனைத்தும் அளவீட்டின் முன் பணிய வேண்டியவை. தென்பெண்ணையில் வாழவச்சனூர், விழுப்புரம் போன்ற இடங்களில் மத்திய நீர் ஆணையம் பாய்வை அளந்துவருகிறது. நீரோட்டமானியைக் கொண்டு ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழத்தின் 0.6 பங்கிலோ, 0.2, 0.8 பங்குகளிலோ வேகம் அளந்து, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்குவர்.

பெருவெள்ளத்தில் கருவியை இறக்க முடியாதபோது, வெள்ளம் வடிந்தபின் சுவரிலும் மரத்திலும் எஞ்சிய சேற்றுத்தடங்களைக் கொண்டு நீர்மட்டச் சரிவை அளந்து, மேனிங் சமன்பாட்டின் (1889) வழியே பாய்வைப் பின்னோக்கிக் கணிக்கலாம். இதற்குத் தடங்கள் அழியுமுன் செல்ல வேண்டும். ஊரார் சுவரில் சுண்ணாம்பால் இட்டுவைக்கும் ஒரு கோடும் தேதியும் இவ்வகையில் மதிப்பு மிக்க தரவாகும்.

2024 டிசம்பர் வெள்ளம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்றது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பதிவானது. முந்தைய பெருமழையாக அப்போது குறிப்பிடப்பட்டது 2004 அக்டோபர் 31இன் 21 செ.மீ. ஆகும்.

இம்மழையை ரைவ்ஸ் சூத்திரத்துடன் ஒப்பிடலாம். 100 சதுர கி.மீ. சமவெளியில் 48 செ.மீ. சீராகப் பெய்தால், அது நாள் முழுவதுக்குமான சராசரியாக வினாடிக்கு 555 கன மீட்டர் நீராகும். அதில் பாதியே வழிந்தோடினாலும் சராசரிப் பாய்வு ஏறத்தாழ 280. ஆனால் கடலோரக் கெழுவுடன் ரைவ்ஸ் சூத்திரம் கூறும் உச்சப் பாய்வு 146 மட்டுமே. உண்மையில் நீரின் பெரும்பகுதி வயலிலும் தெருவிலும் ஏரியிலும் தேங்கிநின்று மெதுவாக வடியும் என்பதால் ஓடையின் உச்சம் இந்த ஒப்பீடு காட்டும் அளவுக்கு உயராமல் போகலாம். எனினும் வாய்க்கால் ஏற்காத நீர் நிலத்தில் நிற்கிறது என்பதே அதன் பொருள்.

இரண்டாவது வெள்ளம் அடுத்து வந்தது. புயலின் எச்சம் மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 4,760 கன மீட்டர், வெளியேற்றப்பட்டது. பாகூர் கொம்யூனில் சோரியாங்குப்பம், குருவிநத்தம் உள்ளிட்ட தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் சிக்கின. உள்ளூரில் மழை ஓய்ந்த பின் வந்த வெள்ளம் இது. பாகூரின் மழைமானியை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருந்தாலும் இதனைக் கணித்திருக்க முடியாது.

சாத்தனூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 10,800 சதுர கி.மீ. இதற்கு ரைவ்ஸ் சூத்திரம் 8.5 கெழுவுடன் 4,150, 10.2 கெழுவுடன் 4,980 கன மீட்டர் தருகிறது. வெளியேற்றம் இவ்விரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இதனைச் சூத்திரத்தின் வெற்றியாகக் கொள்ளக்கூடாது. நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதி 160 கி.மீ.க்கு அப்பால் உள்ளது, அணை வெளியேற்றமும் இயற்கை உச்சமும் ஒன்றல்ல.

நிகழ்தகவு முறை

ஆண்டுதோறும் பதிவான உச்சப் பாய்வுகளை வரிசைப்படுத்தி, கம்பெல் (1941) பரவல் போன்றவற்றைப் பொருத்தி, "50 ஆண்டு வெள்ளம்", "100 ஆண்டு வெள்ளம்" என மதிப்பிடுவது இம்முறை. 100 ஆண்டு வெள்ளம் என்பது நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவதன்று. எந்த ஓர் ஆண்டிலும் 1 விழுக்காடு வாய்ப்புடையது. 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது வரும் வாய்ப்பு 26 விழுக்காடு. 50 ஆண்டு வெள்ளத்துக்கென வடிவமைத்த பாலம் தன் 50 ஆண்டு வாழ்நாளில் அதனைச் சந்திக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு.

பதிவு எவ்வளவு நீண்டதோ அவ்வளவே இம்முறைக்கு வலிமை. இருபது ஆண்டுப் பதிவில் 21 செ.மீ. உச்சமாக இருக்க, அடுத்த ஆண்டு 48 செ.மீ. சேரும்போது, பொருத்திய வளைகோடு முழுவதும் இடம் மாறும். அந்த ஒரு புள்ளியை விலக்கு எனத் தள்ளிவிடும் பழக்கம் நீரியலில் அபாயமானது. பேரணைகளுக்கு இதனால்தான் நிகழ்தகவை விடுத்து, இயலக்கூடிய பெருவெள்ளம் என்னும் அளவு இந்தியத் தரநிலையில் (1985) கோரப்படுகிறது.

சமவெளியின் தனிச் சிக்கல்கள்

எல்லாச் சூத்திரங்களும் நீர் தடையின்றி இறங்கிச் செல்லும் என்றே கொள்கின்றன. சங்கராபரணி கடலை நெருங்கி அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு எனப் பிரியும் இடத்தில் கடல் ஓதத்தின் ஏற்றம் வடிதலைத் தாமதப்படுத்துகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் அதே பாய்வு உயர்ந்த நீர்மட்டத்தைத் தரும். ஆகவே இப்பகுதிகளில் பாய்வைக் கணித்த பின், எச்.இ.சி.-ராஸ் போன்ற மென்பொருள் வழியே நீர்மட்டத்தைத் தனியே கணக்கிட வேண்டியுள்ளது. அதற்கு ஆற்றுப்படுகையின் அண்மைக்கால மட்ட அளவீடு இன்றியமையாதது. மணல் அள்ளப்பட்ட ஆற்றில் பழைய அளவீடு பயன்படாது.