சரபோஜி மன்னரின் நூல்களும் நம் திருச்சபை வரலாறும்

தஞ்சைக்குச் செல்லும் இறையியல் மாணவர் பலர், சிவகங்கைக் கோட்டையில் 1779-இல் எழுப்பப்பட்ட ஆலயத்தையும், அங்கு பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். மரணப் படுக்கையிலுள்ள சுவார்ட்ஸ் ஐயரின் கரத்தைப் பற்றி நிற்கும் மன்னர் சரபோஜி அச்சிற்பத்தில் காணப்படுகிறார். அவரை அறிய விரும்புவோர் அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகால் நூலகத்திற்கும் செல்லல் வேண்டும்.

1787-இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில், தாம் தத்தெடுத்த சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் ஒப்புவிக்க விழைந்தார். பின்னர் அமர்சிங்கின் ஆட்சியில் இன்னலுற்ற சிறுவர் சென்னைக்கு அனுப்பப்பட்டு, கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் கல்வி பயின்றார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தார். அவ்வாண்டிலேயே மாணாக்கர் அரியணை ஏறினார். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் காவிரிப் பாசன நாடு முழுவதன் நிர்வாகமும் கம்பெனியாரிடம் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும் வருவாயில் ஒரு பங்குமே. ஆளுவதற்கு நாடில்லாத அவர் நூல்களைத் திரட்டினார்.

நாயக்கர் காலத்திலிருந்தே அரண்மனையில் இருந்துவந்த சுவடித் தொகுதியை அவரே பெரிதும் வளர்த்தார். காசி யாத்திரையின்போது வடமொழிச் சுவடிகளைச் சேர்த்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய ஐரோப்பிய மொழி நூல்களை வரவழைத்து, பலவற்றில் தம் கையொப்பமிட்டார். தமிழ் மருத்துவச் சுவடிகளும் மோடி எழுத்திலமைந்த மராத்தி ஆவணங்களும் அவற்றோடு உள்ளன. வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னல் தொகுத்த அட்டவணை 1880-இல் வெளிவந்தது. 1918-இல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அவர் ஞானஸ்நானம் பெற்றாரா என்பதே நம்மவர் எழுப்பும் முதற்கேள்வி. பெறவில்லை. 1803-இல் பெரிய கோயிலின் சுவரில் தம் குலவரலாற்றைப் பொறிப்பித்தவர் அவர். ஆதலின் கனிகொடாத மரமென்றே நாமும் பல்லாண்டு வகுப்பறையில் கூறிவந்தோம்; அது அவசரத் தீர்ப்பு என இன்று உணர்கிறோம். ஆசானுக்குப் பளிங்கு நினைவுச்சின்னம் வேண்டி இலண்டனுக்கு எழுதியவரும், கல்லறைக்கு ஆங்கிலப் பாடல் இயற்றியவரும் அவரே. ஆசானிடம் கொண்ட அன்பும் முன்னோர் சமயமும் அவரிடம் ஒன்றையொன்று துரத்தவில்லை.

சுவார்ட்ஸ் வரலாற்றை மிஷனெரிகளின் கடிதங்களைக் கொண்டே எழுதிவிட்டோம். அரண்மனையார் தம் பக்கத்தில் எழுதி வைத்தவை மோடி எழுத்தில் உள்ளன. (நம் நிலையோ வேறு. டெல்டாப் பகுதிச் சேகரம் ஒன்றில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டோம். கரையான் தின்ற அட்டை மட்டும் கிடைத்தது.) எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் கற்கும் நம் மாணவருள் ஓரிருவரேனும் மோடி எழுத்தைப் பயின்று, தஞ்சையில் சில மாதங்கள் தங்கி அவ்வாவணங்களைப் படித்தல் வேண்டும்.