டிக்கியில் விற்ற பாட்டு

ஹிப்ஹாப் பிறந்த நாளை முகவரியோடு சொல்லலாம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். தங்கை சிண்டி கேம்பல் ஏற்பாடு செய்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். ஆனால் 'அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப்' பிறந்த நாளை இப்படிச் சொல்ல வழியில்லை. முதல் ஆறு வருடங்கள் ஹிப்ஹாப் மொத்தமுமே அண்டர்கிரவுண்டாகத்தான் இருந்தது. தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை. விருந்துகளில் பதிந்த கேசட்டுகள் கைமாறின, நகல் எடுக்கப்பட்டன, வாடகைக் கார்களில் ஓடின. 1979இல் சுகர்ஹில் ரெக்கார்ட்ஸ் 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டை வெளியிட்டு அது நாடெங்கும் விற்றபோதுதான், கடையில் கிடைக்கும் ஹிப்ஹாப், கடைக்கு வராத ஹிப்ஹாப் என்று இரண்டாயிற்று. கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள்: விற்பனையில். அண்டர்கிரவுண்டை இன்றுவரை ஒரு பாணியாக, ஒரு தாளமாக, ஒரு வகைக் கோபமாக விளக்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பாட்டு செய்தவரிடமிருந்து கேட்பவரிடம் போகும் வழி எது, அந்த வழியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் அதன் ஐம்பது வருட வரலாறு.

மேற்குக் கரையின் ஓக்லாந்து நகரம் முதல் சாட்சி. 1980களின் தொடக்கத்தில், பள்ளிப் பருவத்தில் இருந்த டூ ஷார்ட், நண்பர் ஃபிரெடி பியுடன் சேர்ந்து வீட்டிலேயே கேசட் பதிந்து தெருத்தெருவாக விற்றார். அவற்றில் ஒரு வகை 'ஸ்பெஷல் ரிக்வெஸ்ட்'. காசு கொடுப்பவருடைய பெயரும் பெருமையும் அந்தப் பாட்டிலேயே வரும். புரவலனைப் பாடிப் பரிசில் வாங்கிய புலவர்களை அறிந்த நமக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. பக்கத்து ஊரான வலேஹோவில் இ-40 தன் குடும்பத்தாரோடு 'சிக் வித் இட்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, கார் டிக்கியில் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டு போய் விற்றார். பெரிய கம்பெனிகள் இவர்களைத் தேடி வந்தபோது பேரம் பேச இவர்களிடம் ஒரு பலம் இருந்தது. தங்கள் பாட்டை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது கம்பெனிக்குத் தெரிவதற்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ செய்தது இதைவிட ஆச்சரியமானது. இரண்டு டர்ன்டேபிள்களில் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை, ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்தி வரும்படி ஓடவிட்டு, இடையில் இருந்த கருவியால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவார். ஒரு சொல் இரண்டு முறை விழும். பிறகு மொத்தத்தையும் வேகம் குறைத்துக் கேசட்டில் இறக்குவார். குரல் கனத்து, டெக்சாஸ் வெயிலில் இளகிய தார் போல நகரும். சாம்பல் நிற மேக்ஸெல் கேசட்டின் மேல் தன் கையாலேயே தலைப்பு எழுதி, பத்து டாலருக்கு வீட்டு வாசலில் கொடுப்பார். மாலையானால் அந்தத் தெருவில் கார்கள் வரிசை கட்டும். போதைப்பொருள் விற்கிறார் என்று போலீஸ் சந்தேகப்படும் அளவுக்குக் கூட்டம். தனக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியலைக் கொடுத்துத் தனிக் கேசட் செய்துகொண்டவர்கள் உண்டு. புகழ்பெற்ற 'ஜூன் 27' கேசட்டே ஒரு நண்பரின் பிறந்த நாளுக்காக 1996இல் பதிந்ததுதான். 1998இல் சொந்தக் கடை திறந்தார். அங்கே அவருடைய கேசட்டுகளைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை. 2000 நவம்பர் 16 அன்று 29 வயதில் இறந்தார். ஒரு நகரத்தின் செவிப்பழக்கத்தையே மாற்றிய அந்த மனிதருக்கு வானொலியின் தயவு தேவைப்படவில்லை. இன்று அவருடைய இசைத்தட்டுச் சேகரிப்பை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் பாதுகாக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அண்டர்கிரவுண்ட் என்றால் சொல்வளம், அடர்ந்த எதுகை, வணிகத்துக்கு வளையாத உள்ளடக்கம். டிக்கி வியாபாரத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பார்கள். லாஸ் ஏஞ்சலஸின் 'குட் லைஃப்' உணவகத்தை அவர்கள் காட்டக்கூடும். 1989 முடிவில் ஒரு சத்துணவுக் கடையில் தொடங்கிய அந்த வியாழக்கிழமை மேடையில் கெட்ட வார்த்தைக்கு இடமில்லை. சரக்கில்லாமல் இழுப்பவரிடம் மைக்கைக் கொடுத்துவிடச் சொல்லிக் கூட்டமே குரல் எழுப்பும். ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப் அங்கே வளர்ந்த குழு. சொல்வளம் அங்கே உச்சத்தில் இருந்தது, உண்மை. ஆனால் டூ ஷார்ட்டின் கொச்சைக் கதையையும், ஸ்க்ரூவின் இளகிய தாளத்தையும், ஃபெல்லோஷிப்பின் ஜாஸ் வேகத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் ஒலியில் ஒட்டுறவே தெரியாது. பாணியை அளவுகோலாக்கினால் இவர்களில் இரண்டு பேரையாவது வெளியே தள்ள வேண்டிவரும். விற்ற முறையையும் கூடிய முறையையும் பார்த்தால்தான் மூன்றும் ஒரே குடும்பம்.

நியூயார்க்கில் 'அண்டர்கிரவுண்ட்' என்ற பெயர் 1990களின் நடுவில் ஒரு கொடியாகவே மாறியதற்கும் தெளிவான காரணங்கள் உண்டு. 1991இல் பிஸ் மார்க்கி வழக்கில், அனுமதியின்றிப் பழைய பாட்டின் துண்டை எடுத்தாள்வது திருட்டு என்று நீதிமன்றம் சொன்னது. அதன்பின் பல துண்டுகளைக் கோத்துச் செய்யும் இசை பணக்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியானது. அனுமதி வாங்காமல் அதைத் துணிந்து செய்ய வெளிச்சத்துக்கு வராதவர்களால்தான் முடிந்தது. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை வானொலி நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்தன. உள்ளூர் டிஜே தன் இஷ்டத்துக்கு ஒரு தட்டைப் போட்டுப் பார்க்கும் சுதந்திரம் அத்தோடு சுருங்கியது. மிச்சமிருந்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி. 1990 முதல் 1998 வரை வியாழன் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணி முதல் ஐந்து மணி வரை ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ இருவரும் நடத்திய நிகழ்ச்சியில் நாஸ், ஜே-ஸி, பிக் எல் எல்லாரும் பெயர் பெறுவதற்கு முன்பே பாடினார்கள். தூக்கம் துறந்து அதைக் கேசட்டில் பதிந்தவர்கள் வழியே அது கடல் தாண்டியும் போனது. அங்கே கேட்டதை வாங்க 1994இல் ஃபேட் பீட்ஸ் கடை வந்தது. ஈஸ்ட் வில்லேஜில் அதன் முதல் இடம் ஒரு நிலவறை.

இந்த வாதத்துக்கு நல்ல உரைகல் ராக்கஸ் ரெக்கார்ட்ஸ். 1997இல் கம்பெனி ஃப்ளோ குழுவின் 'ஃபன்க்ரஷர் பிளஸ்', அடுத்த வருடம் மோஸ் டெஃப்பும் தாலிப் குவாலியும் சேர்ந்த 'பிளாக் ஸ்டார்' என்று அண்டர்கிரவுண்டின் முகமாகவே அது விளங்கியது. பின்னால் இருந்த பணம் ஜேம்ஸ் மர்டாக்கினுடையது; ஊடகப் பேரரசர் ரூபர்ட் மர்டாக்கின் மகன். நிறுவனம் பெரிய கைகளுக்குப் போய், பிறகு எம்சிஏவோடு சேர்ந்து, சில வருடங்களில் மங்கியது. பாட்டின் தரம் குறைந்ததால் அப்படி ஆகவில்லை. கல்லா இடம் மாறியிருந்தது. கம்பெனி ஃப்ளோவின் எல்-பி அதைவிட்டு வெளியேறி டெஃபினிட்டிவ் ஜக்ஸ் என்ற தன் நிறுவனத்தைக் கட்டினார்.

இன்னொரு மறுப்பு கனமானது. அண்டர்கிரவுண்ட் என்பது காத்திருப்போர் கூடம்தானே, பெரிய கம்பெனி கூப்பிட்டால் யார் போகாமல் இருந்தார்கள் என்று கேட்பார்கள். நாஸும் ஜே-ஸியும் போனார்கள். பலருக்கு அது ஏணியாகவே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேலே போய்க் கீழே தள்ளப்பட்டவர்களும் உண்டு. கேஎம்டி குழுவில் இருந்த டேனியல் டுமிலே 1993இல் தம்பி சப்ராக்கை விபத்தில் இழந்தார். அடுத்த வருடம் எலெக்ட்ரா நிறுவனம், அட்டைப்படம் சர்ச்சையாகும் என்று அஞ்சி, இருவரும் சேர்ந்து செய்த ஆல்பத்தை வெளியிடாமல் நிறுத்தியது. சில வருடங்கள் காணாமல் போனவர், முகத்தை மறைத்துக்கொண்டு எம்எஃப் டூம் என்ற பெயரில் சிறு மேடைகளில் தோன்றினார். 1999இல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே'யை வெளியிட்டது அதே பாபிட்டோவின் சிறு நிறுவனம். 2004இல் மேட்லிப்போடு செய்த 'மேட்வில்லனி' இன்று ஹிப்ஹாப்பின் செவ்வியல் நூல் போல மதிக்கப்படுகிறது. காத்திருப்போர் கூடம் என்று சொல்லப்பட்ட இடத்திலேயே அவர் வீடு கட்டிக்கொண்டார்.

2010 செப்டம்பரில் ஃபேட் பீட்ஸின் நியூயார்க் கடை மூடப்பட்டபோது கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப் என்ற இணையத் தளங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. யார் வேண்டுமானாலும் படுக்கையறையிலிருந்து பாட்டை ஏற்றலாம் என்றால் மேல் எது, கீழ் எது? இது நியாயமான கேள்வி. ஆனால் கதவு திறந்ததும் கல்லா கைக்கு வந்துவிடவில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பங்குத்தொகை உண்டு. ஒரு சிலர் மட்டுமே உயிராய் நேசிக்கும் பாடகருக்கு அந்தக் கடையில் இடம் உண்டு, கூலி இல்லை. அந்தச் சிலர் யார் என்றும் கடை அவரிடம் சொல்வதில்லை. வாசலில் நின்று கேசட் கொடுத்த ஸ்க்ரூவுக்கு ஒவ்வொரு முகமும் தெரியும்.

இன்றைய அண்டர்கிரவுண்டில் உருப்படியாகப் பிழைப்பவர்கள் அந்த முகங்களைத் திரும்பத் தேடிப் போனவர்கள்தான். 2013இல் ராப் பாடகர் நிப்ஸி ஹஸல் 'கிரென்ஷா' தொகுப்பை நூறு டாலர் விலையில் ஆயிரம் பிரதிகள் போட்டார். பஃபலோ நகரத்தின் கிரிசெல்டா குழு குறைந்த எண்ணிக்கையில் இசைத்தட்டு அச்சிட்டு நேரடியாக விற்றே வளர்ந்தது. ஏழைப் பிள்ளைகளின் கலையைப் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு அலங்காரப் பொருளாக்கவா இதெல்லாம் என்று கேட்டால், அந்தக் குற்றச்சாட்டில் பாதி சரி. வாங்கிப் பதுக்கி மும்மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். மறுபாதியையும் பார்க்க வேண்டும். 'கிரென்ஷா' இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தது. முடிந்தவர் கொடுத்தார், முடியாதவர் கேட்டார். கோயில் கூத்துக்கு ஊர்ப் பெரியவர் செலவு செய்ய, ஊரே உட்கார்ந்து பார்த்ததைப் போல.

சொந்தக் கடையும் பறிபோகலாம் என்பதுதான் இப்போதைய கவலை. கலைஞர்களுக்குக் கூடுதல் பங்கு தந்த பேண்ட்கேம்ப் 2022இல் ஒரு வீடியோகேம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2023இல் மறுபடி கைமாறியபோது ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். நம்பியிருந்த சிறு நிறுவனங்கள் பதறின. ஆனாலும் சொந்தக் கடையை விடாதவர்கள் உண்டு. புகைப்படங்களில் முகம் காட்டாத ராப் பாடகர் பில்லி வுட்ஸ் இருபது வருடங்களுக்கு மேலாகத் தன் பேக்வுட்ஸ் ஸ்டூடியோஸை விடாமல் நடத்திவருகிறார். 2023இல் கென்னி செகலுடன் செய்த 'மேப்ஸ்' பரவலாகப் பாராட்டப்பட்டபோதும் அட்டையில் இருந்தது அதே நிறுவனத்தின் பெயர்தான்.

பிரவுன்ஸ்வில் பகுதியின் ராப் பாடகர் கா, நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்தார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பாட்டு எழுதிப் பதிந்து, பார்சல் கட்டி, தானே அஞ்சலில் அனுப்பினார். 2013இல் 'தி நைட்ஸ் கேம்பிட்' வந்தபோது, மூடிப்போன ஃபேட் பீட்ஸ் இருந்த சிக்ஸ்த் அவென்யூ நடைபாதையில் நின்று, வந்தவர்களிடம் கைகுலுக்கிப் பிரதிகளை விற்றார். 2024 ஆகஸ்டில் கடைசி ஆல்பம். அக்டோபர் 12 அன்று இறந்தபோது வயது 52. வந்த பார்சலின் மேல் அவர் கையெழுத்தில் தங்கள் முகவரியைப் பார்த்தவர்கள் அந்தக் காகித உறைகளை இன்னும் வைத்திருப்பார்கள்.