துப்பாக்கிக்கு ஒரு வீடு

உவரியில் சுயம்புலிங்க சுவாமிக்கும் அந்தோணியாருக்கும் ஒரே காற்றுத்தான். அது உப்புக் காற்று. திறந்த வெளியில் அடித்த ஆணி இங்கே சீக்கிரமே துருவேறி உதிரத் தொடங்கிவிடும். இந்த ஊரில் என் நண்பர் ஒருவர் லைசென்ஸுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதை வைக்கப் பழைய இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளே மரவேலை செய்ய ஓர் ஆசாரியை அழைத்தார். நானும் உடனிருந்தேன்.

லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள், குழலையும் கட்டையையும் தனித்தனியே பிரித்து, அளவெடுத்த மரப்பெட்டியில் கம்பளித் துணி பதித்து வைப்பதுண்டு. அதைப் படத்தில் பார்த்திருந்த நண்பர், சிவப்பு வெல்வெட் வேண்டுமென்றார்.

"வெல்வெட்டு ஈரத்தைக் குடிக்கும் அண்ணாச்சி. குடிச்சதை இரும்புக்கு ஊட்டும்" என்று ஆசாரி மறுத்துவிட்டார்.

நன்றாக உலர்ந்த பழந்தேக்கை எடுத்து, இரும்புச் சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டுப் பலகை அடித்தார். ராத்திரி இரும்பு குளிர்ந்தால், உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் அதன்மேல்தான் வியர்வையாகப் படியும் என்பது அவர் கணக்கு. குழலுக்கு வெட்டிய பள்ளம் குழலைவிட அகலம். அது இரண்டு தாங்கிகளில் மட்டுமே தொட்டு நிற்கும். குழல் வாயைத் துணியால் அடைக்கக் கூடாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்றார். தோட்டாவுக்குத் தனி அறை, தனிப் பூட்டு. மூலையில் ஒரு கிண்ணம் சுட்ட சுண்ணாம்பு. இன்று அந்த வேலைக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடைக்கிறது.

ஒரு துப்பாக்கிக்கு இத்தனை கட்டுக்காவலா என்று கேட்கலாம். நம் சீமையில் ஆயுதம் பெட்டிக்குள் போனதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

பாளையக்காரர் காலத்தில் ஆயுதம் ஆளின் கையோடு இருந்தது. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பின்பு, கும்பினியின் தளபதி பானர்மன் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். உத்தரவு முழுதும் நிறைவேறியிருந்தால் அடுத்த கதை நடந்திராது. 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களுக்குள் தரைமட்டமான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது. ஆயுதம் ஏந்தி ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள். கோட்டையைப் பிடிக்கக் கும்பினிக்கு மே 24 வரை ஆயிற்று.

அந்தப் பயத்தின் பிள்ளைதான் 1801 டிசம்பர் 1இல் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம். ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்றது அது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸைக் கொண்டுவந்தது. வெள்ளையருக்கு அதிலிருந்து விலக்கு. ஒரு குடியானவன் பன்றி விரட்டவும் அனுமதி கேட்டு நின்ற காலம் அது. 1962 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த, 1959ஆம் வருஷத்து நம் சட்டத்தில் அந்த நிற வித்தியாசம் இல்லை. ஆனால் லைசென்ஸ் இருக்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வதும் நாம் அறிந்ததே.

அன்று அந்நியன் நம்மிடமிருந்து பறித்தது ஒன்று. இன்று நாமே நம் பத்திரத்துக்காகப் பூட்டி வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கு பேர் குடிக்கிற, கோபப்படுகிற, குழந்தைகள் ஓடுகிற வீட்டில் துப்பாக்கிக்குச் சுவரில் ஓர் ஆணி போதாது.

நண்பர் காலமானார். மகனுக்கு லைசென்ஸ் இல்லை. சட்டப்படி துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். ஆசாரியைக் கூப்பிட்டு, பெட்டியில் நிலப் பத்திரம் வைக்கத் தட்டு அடிக்கச் சொன்னார். ஆசாரி பெட்டியைத் திறந்து, குழலும் கட்டையும் கிடந்த பள்ளங்களை விரலால் தடவினார்.

"இதை அடைச்சிரட்டுமா தம்பி?"

மகன் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், மேலேயே தட்டை அடிச்சிருங்க."

பள்ளங்கள் இன்னும் பத்திரங்களுக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக் கிண்ணத்தை மட்டும் அவர் தவறாமல் மாற்றி வருகிறார். காகிதத்துக்கும் உப்புக் காற்று ஆகாது.