சாஸ்திரியார் சொன்ன நாலு கொடுமை

வெளியூரில் தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். நாசரேத்துக்காரர் ஒரு முறை சொல்வார், தஞ்சாவூர்க்காரர் இன்னொரு முறை சொல்வார். "எங்க ஊர் கோயில்ல இப்படித்தான்" என்பார்கள். உடனே ஓர் இளைஞர், "வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். இந்தச் சண்டைக்கு இருநூறு வயது என்று சொன்னால் நம்புவீர்களா?

வேதநாயகம் சாஸ்திரியாரை (1774-1864) நமக்குக் கீர்த்தனைகளால்தான் தெரியும். பாளையங்கோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார். சரபோஜி மன்னரோடு படித்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' இவர் எழுதியது. 1820களில் புதிதாக வந்த மிஷனெரிகளோடு இவருக்குப் பெரிய வழக்கு. அவர்கள் நாலு கொடுமை செய்கிறார்கள் என்று எழுதினார். வேதபுத்தகத்தின் மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கட்டாயமாக ஒன்றாக்குகிறார்கள், பண்டிகையில் பூ வைக்கக்கூடாது என்கிறார்கள், தமிழ் இசையை நீக்குகிறார்கள். இவைதான் அந்த நாலு.

இதில் மொழிபெயர்ப்புச் சண்டை சுவாரசியமானது. அந்தத் தலைமுறை மனப்பாடம் செய்திருந்தது பெப்ரிசியுஸ் ஐயரின் தமிழ். ரேனியஸ் ஐயர் அதை எளிய நடையில் மாற்றி எழுதியபோது, தேவவாக்கையே திருத்துவதாகப் பலருக்குப் பட்டது. அதாவது வேதமே ஒரு பாரம்பரியமாகிவிட்டது! லுத்தரன் சபையார் நெடுங்காலம் பெப்ரிசியுஸை விடவில்லை. இன்று பழைய திருப்புதலை விட்டு வேறு மொழிபெயர்ப்பை வாசித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் இதே கதைதான்.

பூவுக்கும் பாட்டுக்கும் என் ஓட்டு சாஸ்திரியாருக்கே. 150ஆம் சங்கீதம் வாத்தியங்களைப் பட்டியல் போட்டு அழைக்கிறது. மிஷனெரிகள் வேதம் என்று நினைத்தது பல இடங்களில் ஐரோப்பிய வழக்கம்தான். (அதே காலத்தில் இங்கிலாந்தில் பல கோயில்களில் இருக்கைக்கு வாடகை வாங்கினார்கள், தெரியுமா?)

ஆனால் சாதி? அங்கே நான் சாஸ்திரியாரோடு போக முடியாது. அது உலக வழக்கம், மதத்தைச் சேர்ந்ததல்ல, சுவார்ட்ஸ் ஐயரே ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக உட்காரவிட்டார் என்பது அவர் பக்கத்து வாதம். சுவார்ட்ஸ் காலத்தில் அப்படித்தான் இருந்தது, உண்மை. தரங்கம்பாடியில் அதற்கும் முன்பே, 1741ல், ராஜநாயக்கன் என்ற உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுக்காமல் விட்டார்கள். அவர் பறையர் சமூகத்தவர். மற்ற சாதியார் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற பயம். பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று.

யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சபையில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதைப் பற்றியே பேசுகிறது. அதை வாசித்த பிறகு தனி இருக்கைக்கு என்ன நியாயம் சொல்வது? பவுலும் பாரம்பரியத்தைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொல்வது அப்போஸ்தலர்கள் கற்றுத்தந்ததை. மாற்கு 7ல் இயேசு கண்டிப்பது தேவகட்டளையை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் மனிதர் வைத்துக்கொண்டதை. பூ எந்தக் கட்டளையையும் ஒதுக்கவில்லை. தனி இருக்கை ஒதுக்கியது. சாஸ்திரியார் நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் வினை. எதிர்த்தரப்பும் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கண்டிப்பான சுற்றறிக்கை அனுப்பினார். சாதியை உடனே, முழுவதும் விடவேண்டும், நற்கருணைக்கும் தனித்தனியாக வரக்கூடாது என்றார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். பிறகு பலர் லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபையில் சேர்ந்தார்கள். சாதி விஷயத்தில் அங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை.

இன்று பல கோயில்களில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், சரி. ஆனால் கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களைப் பாருங்கள், சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் நிற்கும். என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஊரிலிருந்து அக்கா ஒரு ஜாதகம் தவிர மற்ற எல்லாம் விசாரித்து அனுப்புகிறார், "நம்ம ஆளுங்கதான்" என்ற குறிப்போடு. பையன் ஜெபிக்கிறவனா என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்கிறார்.